போத்தல் மரகதம்

பதுளையில் நான் கண் டாக்டர்.
வெலிமடையில் மனைவியை இழந்தவன்,
இரண்டு பிள்ளைகள், மூத்ததுக்கு இருதயத்தில் ஓட்டை.
ஹட்டனில் கனடாவுக்கு ஆள் அனுப்புகிறவன்.
கழுத்துப்பட்டியைத்தான் மாற்றுவேன்,
சப்பாத்து எல்லா ஊருக்கும் ஒன்றுதான்.

தலவாக்கலையில் மழை பெய்வதில்லை,
குடியிருக்கிறது.
அதற்குள் இறங்கினேன், பையில் பஞ்சு சுற்றிய பச்சைக் கல்லோடு.
பாட்டனின் அப்பாவுக்கு வெள்ளைக்காரத் துரைச்சாணி
சாகும்போது கொடுத்த மரகதம்.
நானுஓயாவிலிருந்தே கதையைப் பாடம் பண்ணியிருந்தேன்,
அழவேண்டிய இடம் உட்பட.

அடகுக்கடைக் கம்பிவலைக்கு அந்தப் பக்கம்
ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்ட ஒருத்தி
ரொட்டியும் கட்டச்சம்பலும் தின்றுகொண்டிருந்தாள்.
நான் துரைச்சாணியிலிருந்து ஆரம்பித்தேன்.
அவள் விரலைச் சூப்பித் துடைத்துவிட்டு
கல்லை லென்சுக்குக் கீழே பிடித்தாள்.
அழும் இடத்துக்கு நான் வந்து சேர,
"ஜின்ஜர் பியர்" என்றாள்.
"போத்தலோட அடி. நல்லாத்தான் தேச்சிருக்கீங்க.
ஒடைக்காம முழுசா கொண்டுபோயிருந்தா
கடையில போத்தல் காசாவது குடுத்திருப்பாங்க."

பொலிசைக் கூப்பிடப் போகிறாள் என்று
நான் கதவுக்கு எத்தனை எட்டு என எண்ணினேன்.
அவள் சீட்டுப் புத்தகத்தைத் திறந்தாள்.
"அம்பது ரூவா தரலாம். மாசம் ரெண்டு ரூவா வட்டி.
பேரு?"

பதினொரு பெயர் எப்போதும் கைவசம் இருக்கும்.
அவள் உதட்டோரம் ஒரு மிளகாய் விதை ஒட்டியிருந்தது,
பதினொன்றும் மறந்துபோயிற்று.
பதினைந்து வருஷமாக யாரும் கூப்பிடாத ஒன்று
தானாக வாயிலிருந்து விழுந்தது:
"சத்தியசீலன்."

பேனையை வைத்துவிட்டுச் சிரித்தாள்.
தோடு மீட்க வந்திருந்த பெரியவர்
திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள்.
"இதவிட நல்ல பொய்யா ஒண்ணு கெடைக்கலியா?"

கனடாவை நம்பிய ஊர்.
இருதய ஓட்டைக்கு உண்டியல் குலுக்கிய ஊர்.
ஓர் உண்மை சொன்னேன், செல்லாக்காசு.

சீட்டின் கீழே கையெழுத்து: மரகதவல்லி.
நான் சத்தியமாக அதை நம்பினேன்.

இரண்டு ரூபா வட்டி கட்ட
மாதாமாதம் நூற்றெண்பது ரூபா டிக்கட்.
மூன்றாம் மாதம் நாணயத்தை வாங்காமல் கேட்டாள்,
"இது யாரு காசு?"
பதில் இல்லாமல் திரும்பிப்போய்
கந்தப்பளையில் லீக்ஸ் மூட்டை தூக்கினேன்.
தோள் வீங்கிக் கொண்டுவந்த இரண்டு ரூபாவை
அவள் லென்சுக்குக் கீழே பிடித்துப் பார்த்தாள்,
வெகுநேரம்.

ஐந்தாம் மாதம் மஸ்கெலியா.
தீபாவளிச் சீட்டுக் காசோடு நான் ஓடிப்போன லயம்.
சித்தி ஈர்க்குமாற்றால் வரவேற்றாள்,
பிறகு பெட்டியைத் திறந்தாள்.
பிறப்புச் சான்றிதழில் தேதியைக் கரப்பான் தின்றிருந்தது.
பெயரை விட்டுவைத்திருந்தது.

மரகதவல்லி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
முகர்ந்தும் பார்த்தாள்.
"இவ்வளவு கேவலமா நீங்க போலி செய்யமாட்டீங்க" என்றாள்.
என் தொழிலை ஒருவர் மதித்துப் பேசியது
அதுதான் முதல்முறை.

எட்டாம் மாதம், கடை மூடும் நேரம்,
மேசைக்கு அடியிலிருந்து ஒரு மைலோ டின் எடுத்தாள்.
உள்ளே என் வட்டி. அதன்மேல் என் கல்.
"போத்தல் கண்ணாடிக்கு எந்தக் கடையில அடகு புடிப்பாங்க?
அது போன வருஷத்துச் சீட்டுப் புத்தகம்.
அந்த அம்பதும் என் கைக்காசு."
"பிறகு எதுக்கு வட்டி?"
"வராம போயிருவீங்கன்னுதான்."

பதினைந்து வருஷ அனுபவம்.
வாய் திறந்து நின்றேன்.

பஸ் ஸ்டாண்டுக் கடையில்
டின்னைக் கவிழ்த்து எண்ணினோம். பதினாறு ரூபா.
ஜின்ஜர் பியருக்கு மிச்சத்தை நான் போட்டேன்,
லீக்ஸ் காசு.
குடித்து முடித்து, பழக்கதோஷம்,
போத்தலைத் தலைகீழாகப் பிடித்தேன்.

"அடியப் பாக்காதீங்க" என்றாள்.