காரணம்: பனிமூட்டம்

சிக்னல் கம்பத்து விளக்கில் முட்டி
இறகு உதிர்ந்து விழுந்தாள்.
மே மாதம், முதல் மழை விட்ட ராத்திரி.
சிவந்த உடம்பு, வாளாய் வளைந்த தாடை,
ராணிக்குரிய வயிறு மட்டும் இல்லை.
பஞ்சடைத்த குழாயில் நாற்பது நாள் வைத்திருந்தேன்.
ஒரு முட்டை இல்லை.
பிறகுதான் புரிந்தது,
இவளுக்குத் தனிக்குடித்தனம் தெரியாது.
அடுத்தவள் வீட்டில் புகுந்து
அவள் பிள்ளைகள் ஊட்டிச் சாப்பிடுகிற வகை.

இதல்கசின்ன ஸ்டேசனுக்கு
இரண்டு பக்கமும் பள்ளம்.
ஒன்றில் பனி ஏறும்போது
மற்றதில் யாரோ அடுப்புப் பற்றவைத்த புகை தெரியும்.
இரவு மெயில் போனால்
சரக்கு வரும்வரை எனக்கு
ஒரு மேசை, ஒரு கதிரை, இந்தக் குழாய்.

கொய்யா மரத்து வேரடியில் கட்டெறும்புப் புற்று.
கரண்டியால் கிளறி ஏழு பேரை எடுத்தேன்.
கிழடுகள் வேண்டாம்,
தாயின் மணம் அவர்களுக்கு மனப்பாடம்.
நேற்றுக் கூடு கிழித்து வந்த
வெளிறிய குட்டிகள்தான் தோது.
ஏழில் ஒன்று கறுத்திருந்ததை
நான் கவனிக்கவில்லை.

பிரிட்ஜ் இருப்பது ஜயசுந்தரவின் குவார்ட்டஸில்.
தயிர்ச் சட்டிக்கும் மீன் பொட்டலத்துக்கும் நடுவே
ஐஸ்கிறீம் டப்பாவை வைத்தேன்.
"என்ன மாத்தயா அது?" என்றாள் அவன் மனைவி.
"மருந்து" என்றேன்.
பன்னிரண்டு நிமிடம்.
குளிரில் கோபம் மரத்துப்போகும்,
ஞாபகமும் கொஞ்சம்.

இந்தப் பாதைக்கு ஒரு சட்டம் உண்டு.
பித்தளை வில்லை கையில் இல்லாமல்
எந்த வண்டியும் அடுத்த கட்டத்துக்குள் நுழையாது.
ஒஹியவின் வில்லையை வாங்கிக்கொண்டு
அப்புத்தளை வில்லையைக் கொடுப்பது என் உத்தியோகம்.
எறும்புக்கும் அதேதான், வில்லைக்குப் பதில் மணம்.
இவளிடம் அது இல்லை.
திருடித்தான் ஆகவேண்டும்.

கைவிளக்கைச் சிவப்புக்குத் திருப்பினேன்.
சிவப்பு அவர்களுக்கு இருட்டு.
எனக்கு மட்டும் 'நில்' என்று எரிகிற வெளிச்சத்தில்
பஞ்சை உருவினேன்.

முதலில் ஒரு கால் அசைந்தது.
பிறகு எல்லாக் காலும்.
ஒருத்தி அவள் தொடையைக் கவ்வினாள்,
இன்னொருத்தி உணர்கொம்பை.
கறுத்தவள் நேரே கழுத்துக்குப் போனாள்.
இவள் எதிர்க்கவில்லை.
கால்களை மடக்கிச்
செத்தவள் மாதிரி கிடந்தாள்.

நான் வந்த புதிதில்
பிளாட்பாரத்து நாய் என்னை உள்ளே விடவில்லை.
மூன்று நாள் குரைத்தது.
மாற்றலாகிப் போனவர் ஆணியில் விட்டுப்போன கோட்டை
நான்காம் நாள் குளிர் தாங்காமல் மாட்டினேன்.
சுருட்டு, விக்ஸ், முகம் தெரியாத ஒருவரின் அக்குள்.
நாய் வந்து காலடியில் படுத்தது.
அந்தக் கோட்டை நான் இன்னும் துவைக்கவில்லை.

மணி அடித்தது. சரக்கு.
எழுந்திருக்க முடியவில்லை.
வெளியே எஞ்சின் ஒருமுறை கூவியது,
பிறகு நீளமாக,
பிறகு கெட்ட வார்த்தை போல.
விளக்கைத் தூக்கிப் பச்சைக்குத் திருப்பிக்கொண்டு ஓடினேன்.
மேசையில் அவர்களை
இருட்டோடு விட்டுவிட்டு.

திரும்பி வந்தபோது
கறுத்தவள் இரண்டு துண்டாய்க் கிடந்தாள்.
அவள்மேல் இவள் புரண்டுகொண்டிருந்தாள்,
முதுகை, வயிற்றைத் தேய்த்துத் தேய்த்து,
குளிர்நாளில் எண்ணெய் பூசுகிறவளின் நிதானத்தோடு.
தொடையைக் கவ்வியவள் இன்னும் விடவில்லை.
எதற்குக் கவ்வினோம் என்று
மறந்தவள் போல நின்றாள்.
எல்லோரிலும் வெளிறிய குட்டி
மெல்லக் கிட்டே வந்து,
தொட்டு,
முகர்ந்து,
வாயோடு வாய் வைத்து
ஒரு துளி கொடுத்தது.

நாற்பது நாள் காத்திருந்தது இதற்குத்தான்.
சந்தோஷப்பட மறந்து
கொய்யா மரப் பக்கத்து ஜன்னலைச் சாத்தினேன்.

பதிவேட்டில் எழுதினேன்:
சரக்கு. தாமதம் ஆறு நிமிடம். காரணம்: பனிமூட்டம்.

அன்றிரவு பனியே இல்லை.
தெற்கே, சமவெளி முழுக்க,
விளக்குகளை ஒவ்வொன்றாய் எண்ணலாம்போல் இருந்தது.