போல்ட் வைத்து அடைத்தது நான்தான்

முதலில் ஒரு சொட்டு.
பாடாங் தெம்பாக் அடுக்குமாடியின் கீழே
ஒன்பதாம் தூணருகே, என் கப்சாய் நிற்கிற இடத்தில்
ஐம்பது காசு அகலத்துக்குக் கறை.
தரைத்தளத்து மேடம் கூய் ஒன்றும் சொல்லவில்லை.
சீனப் பத்திரிகையை நான்காய் மடித்து
எஞ்சினுக்கு நேர் கீழே வைத்துவிட்டுப் போனார்.
திட்டியிருந்தால் தேவலை.

அன்றிரவே குனிந்து பார்த்தேன்.
எஞ்சினின் முதுகிலிருந்து ஒரு ரப்பர் குழாய்
எங்கேயும் போய்ச் சேராமல் தொங்கியது.
முன்பு வைத்திருந்தவன்
சத்தத்துக்காக ஏர் பாக்ஸைக் கழற்றிக்
கூம்பு ஃபில்டர் மாட்டியவன்.
இதை அப்படியே விட்டிருக்கிறான்.
வேலையற்ற குழாய் என்று முடிவு கட்டினேன்.
எட்டாம் நம்பர் போல்ட்டைத் திணித்து
மேலே கிளிப் போட்டு இறுக்கிக்
கை துடைத்தபோது
என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

மூன்று வாரம் தரை சுத்தம்.

நான்காவது வாரம் கியர் அச்சின் சீல் கசிந்தது.
பன்னிரண்டு வெள்ளி. மாற்றினேன்.
ஒன்பதே நாளில் புதுசும் வாய் பிளந்தது.
பிறகு ஸ்ப்ராக்கெட் பக்கம்.
இடது காலணி முழுக்க எண்ணெய்;
பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை வாசலில்
காவலாளி என் கால்தடத்தை எண்ணிக்கொண்டு நின்றார்.
ஜெலுத்தோங் பட்டறையில் ரிட்சுவான்
குனிந்துகூடப் பார்க்காமல் சொன்னான்:
"ரிங் போச்சு, கக். முழுசா இறக்கணும். நானூறு."

சனிக்கிழமை, இரவு வேலை முடிந்து
விடிகாலை ஆறரைக்கு வந்து நிறுத்தி
எண்ணெய் அளவு பார்க்கக் குச்சியைத் திருகினேன்.
கடைசிப் புரி விடுவதற்குள்
புஸ்ஸென்று ஒரு காற்று.
வீம்புக்குப் பேசாமல் இருந்தவர்கள்
"சரி விடு" என்னும்போது
மூக்கால் வருமே, அந்த மாதிரி.
சூடாக மணிக்கட்டில் பட்டது.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

பிஸ்டன் மேலே போவதைத்தான் எல்லாரும் சொல்கிறார்கள்.
கீழே வரும்போது அடியில் இருக்கிற காற்று எங்கே போகும்?
நிமிடத்துக்கு ஆறாயிரம் தடவை?
அத்தோடு ரிங் இடுக்கில் நழுவி வரும் புகை,
எரிந்ததும் எரியாததும், கொஞ்சம் நீராவி.
எல்லாவற்றுக்கும் ஒரு வழி வைத்திருந்தார்கள்,
என் சுண்டுவிரல் நுழையாத வழி.
அதன் வாயில் என் போல்ட்.
பாவம் சீல்.
பன்னிரண்டு வெள்ளி அவ்வளவுதான் தாங்கும்.

எண்ணெய் தாங்கும் குழாய், அடி மூன்று வெள்ளி, இரண்டடி.
முதலில் சீட்டுக்கு அடி வரை ஏற்றினேன்,
வழிதவறிய துளி திரும்பி இறங்கட்டும் என்று.
பிறகு சரிவாக.
நடுவில் எங்கும் வயிறு தொங்கக் கூடாது.
தொங்கினால் தண்ணீர் தங்கும்,
தங்கினால் அதுவும் ஒரு போல்ட்.
முனையில் இருமல் மருந்துப் பாட்டில்,
மூடியில் இரண்டு ஓட்டை:
ஒன்று வருவதற்கு, ஒன்று விடுவதற்கு.
இரண்டாவதை மறந்து
மறுபடி கழற்றி மாட்டினேன்.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் லைன் லீடர்
வழக்கம்போல் கேட்டாள், பிரச்சனை ஏதும் உண்டா.
பதினெட்டுப் பேர் தரையைப் பார்த்தோம்.
"போன மாத ஓவர்டைமில் ஆறு மணி நேரம் குறைகிறது"
என்றது யார் குரல் என்று திரும்பிப் பார்த்தால்
எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள்.

ஞாயிறுதோறும் பாட்டிலைக் கொட்டுகிறேன்.
முதல் வாரம் அடியில்
பால் கலந்த கோப்பி நிறத்தில் கூழ்; பயந்துவிட்டேன்.
மழைக்காலம். சந்தைக்கும் வீட்டுக்குமாகக் குட்டிச் சவாரி.
எஞ்சின் நன்றாகச் சுடும் முன்னே நிறுத்திவிடுகிறேன்;
ஆவி தண்ணீராகி எண்ணெயோடு குழைகிறது.
இப்போது பாலிக் பூலாவ் வரை ஒரு சுற்று,
மலைவளைவில் மூன்றாம் கியர்.
வெள்ளை குறைந்துவருகிறது.

மேடம் கூயின் பத்திரிகை இன்னும் அங்கேதான்.
கறையே இல்லாமல்.
எடுத்துவிடுங்கள் என்று சொல்ல வேண்டும்.
போன வாரத் தாளில் சுடோகு பாதி போட்டிருந்தது.
மீதியை நான் போட்டேன், ஒரு கட்டம் தப்பு.

இன்று புதுத் தாள்.
சுடோகு மேலே தெரியும்படி மடித்து.