நோ, எழுபத்தொன்பது

எங்கள் வண்டியில் பெயர் கேட்பதில்லை.
அம்மா பெயரின் முதலெழுத்து,
பிறந்த வருடம், மாதம்.
அவ்வளவுதான் ஆள்.
கட்டம்போட்ட நோட்டில் அதை எழுதிவிட்டு
எண்ணத் தொடங்குவாள் தைசியா,
திரும்பி வந்த ஊசிகளை, புதிதாய்ப் போகும் ஊசிகளை.

நார்வாவில் ஐந்தாம் தடத்தை நிறுத்தினார்கள்,
அதில் பஸ் ஓட்டிய நான் இங்கே வந்தேன்.
சம்பளத்துக்கு. வேறெதற்கும் இல்லை.
முதல் நாளே சொல்லிவிட்டேன்:
ஓட்டுவேன், எதையும் தொடமாட்டேன்.
கோப்பையை வீட்டிலிருந்து கொண்டுவந்தேன்,
சோப்பையும்.
சரி என்றாள் தைசியா.
இரவு ஒன்பதுக்கு அவள் போனில் சேவல் கூவும்,
மாத்திரையைப் போட்டுத் தேநீர் விழுங்குவாள்.
பத்தொன்பது வருடம். நான்காவது போன். அதே சேவல்.

மூடிக்கிடக்கும் நூற்பாலைச் சுவரோரம் நிறுத்துவோம்.
சுரங்கத்தில் முதுகு போனவன் வருவான்,
கைக்குழந்தையைக் கோட்டுக்குள் பொத்தானிட்டு ஒருத்தி,
"நண்பனுக்காக" என்று ஆறு வருடமாய்ச் சொல்லும் கணக்கு வாத்தியார்.
சூப், காலுறை, ஆணுறை,
மூச்சு நின்றவனை மீட்கும் மூக்கு மருந்து.
விரல்நுனியில் ஒரு துளி ரத்தம்,
பதினைந்து நிமிடக் காத்திருப்பு.
அந்தப் பதினைந்து நிமிடமும்
உருளைக்கிழங்கு விலை பேசுவாள் தைசியா.
நான் முன்னிருக்கையில், முதுகு காட்டி.

ஒரு வியாழன். மைனஸ் பதினேழு.
பின்னாலிருந்து கேட்டது:
அம்மா பெயர்?
நோன்னா.
நோ, என்று கீறியது பேனா.
வருடம்?
எழுபத்தொன்பது. நவம்பர்.

அந்த நவம்பரில் எனக்கு ஆறு வயது.
ஆஸ்பத்திரிக்குக் கீழே பனியில் என்னை நிறுத்தி
மேலே பார் என்றார் அப்பா.
மூன்றாம் மாடி ஜன்னலில் அம்மா
ஒரு துணிமூட்டையைத் தூக்கிக் காட்டினாள்.
அந்த மூட்டை
இருபது ஊசி கேட்டுக்கொண்டிருந்தது.

பதினொரு வருடம்.
கடைசியாய் அவனிடம் நான் சொன்னதை
இங்கே எழுதமாட்டேன்.
அம்மா போனபோது,
எங்கே சொல்லியனுப்புவதென்று தெரியவில்லை என்றேன் எல்லோரிடமும்.
தேடவில்லை என்பதுதான் அதற்குப் பொருள்.

கதவுப்பிடியில் கை இருந்தது.
இறங்கவில்லை.
அவன் போகும் பக்கம் விளக்கைப் போட்டேன், முழு வெளிச்சம்.
கரியும் பனியும் குழைந்த பாதையில்
தன் நிழலை மிதித்தபடி போனான்.
இடது கால் இழுத்தது.
மூலை திரும்பும்வரை அணைக்கவில்லை.

தைசியா எதுவும் கேட்கவில்லை.
பிளாஸ்கைத் திறந்து தனக்கு ஊற்றினாள்.
என் கோப்பை டாஷ்போர்டில்தான் இருந்தது.
அவள் கோப்பையை வாங்கிக் குடித்தேன்.
சர்க்கரை அதிகம்.

அடுத்த வியாழன்
பின்கதவுக்குப் போகாமல்
என் ஜன்னலைத் தட்டினான்.
"லைட்டைத் தாழ்த்த இன்னும் பழகலையா, அக்லாயா?"
பல் இரண்டு இல்லை. சிரிப்பு இருந்தது.
மாத்திரை எடுக்கிறாயா என்று கேட்க நினைத்தேன்.
சூப் குடிச்சியா, யெலிசேய், என்று கேட்டேன்.
உப்பு ஜாஸ்தி என்றான்.
காலால் பனியைக் கிளறிக்கொண்டிருந்தான் கொஞ்ச நேரம்.
அம்மா இருக்கிற இடத்துக்கு எந்த பஸ்?
ஐந்து.
இப்ப அது ஓடறதில்லை.

பின்னால் நோட்டுப் புரளும் சத்தம்.
ஞாயிறு, என்று உரக்கச் சொல்லிக்கொண்டே எழுதினாள் தைசியா:
வண்டிக்கு எஞ்சின் சோதனை.
இரண்டு மணி நேரம்.
ஆட்கள் இரண்டு.
ஒன்று, நோ, எழுபத்தொன்பது.
இன்னொன்று?
பேனாவைத் தூக்கிப் பிடித்திருந்தாள்.

நோ, என்றேன்.
எழுபத்துமூன்று.