எழுத்தளவு

குதைபியாவில், சலூனுக்கும் சிம் கார்டு கடைக்கும் நடுவே
எட்டடி அகலம் என் கடை.
ஃப்ளெக்ஸ், விசிட்டிங் கார்டு, ரப்பர் ஸ்டாம்பு.
கம்ப்யூட்டரில் அவர் பெயருக்கு ஒரு ஃபோல்டர்.
பதினேழு வருஷம்.
நாற்பத்தோரு கோப்புகள்.

முதல் கோப்பில் அவர் வெறும் பெ. உலகநாதன்,
ஒன்றியக் கவுன்சிலர்.
மூன்றடி போதும் என்றார்கள் சங்கத்துக்காரர்கள்.
பெயர் என் உள்ளங்கை நீளம்.
துணிப்பையோடு அவரே கடைக்கு வந்து
"உலகநாதனுக்கு ஒரு கால் குறையுது தம்பி" என்றார்.
பார்த்தேன். உலகநதன்.
இருவரும் சிரித்தோம்.

அந்த வாரம்தான் சிட்ராவில் சாரம் சரிந்து
அவர் பக்கத்துப் பையன் ஒருவன் செத்தான்.
கவுன்சிலர் என்றால் இங்கே எந்தக் கதவு திறக்கும்?
இரண்டு ராத்திரி சல்மானியா ஆஸ்பத்திரி வராந்தாவில் கிடந்தார்.
தூதரகத்தில் அவர் ஆங்கிலம் எடுபடவில்லை,
தமிழிலேயே கத்தினார்.
ஆறாம் நாள் பெட்டி விமானம் ஏறியது.

பிறகு எம்.எல்.ஏ.
பிறகு, மாண்புமிகு.

அந்த ஒரு சொல்லே மூன்றடி பிடித்தது.
மாண்புமிகு கால்நடைத் துறை அமைச்சர்
கீழ்ச்சேவூரின் கிழக்கு
ஏழைகளின் ஏணி
(ஏணி என் கைச்சரக்கு. இரண்டு தினார் கூடக் கிடைத்தது.)
இருபதடி ஃப்ளெக்ஸ், ஹோட்டல் பால்ரூம், பன்னீர்.
அவர் கடைக்கு வரவில்லை. பி.ஏ. போனில் வந்தார்:
"தலைவர் படத்தைவிட அண்ணன் படம்
ஒரு விரற்கடை சின்னதா இருக்கணும்.
அளந்து பார்த்து அனுப்பு."
பதவி என்பது
அந்த ஒரு விரற்கடை இடைவெளி என்று
ஸ்கேலைப் பிடித்துக்கொண்டு நின்றபோது தெரிந்தது.

அதே வருஷம் அஸ்கர் கேம்ப்பில் இன்னொரு சாவு.
அமைச்சர் கடிதம் அனுப்பினார்.
கனமான தாள், பச்சை மை, கோபுர முத்திரை.
நான்தான் ஸ்கேன் செய்தேன்.
பெட்டி ஊர் போய்ச் சேர முப்பத்துநாலு நாள்.

ராஜ்பவன் குறிப்பு நாலே வரி.
கால்நடையிலிருந்து கதருக்கு.
அடித்து வைத்த ஃப்ளெக்ஸை வீணாக்குவானேன் என்று
துறையின் மேல் ஸ்டிக்கர் ஒட்டினோம்.
ஆகஸ்ட் வெயில். ஓரம் சுருண்டு
கதருக்குக் கீழிருந்து
நடை எட்டிப் பார்த்தது.

அடுத்த குறிப்பு இரண்டு வரி.
அதற்கடுத்த தேர்தலில் சீட்டு இல்லை.
சங்கம் வேறொருவருக்கு ஏணி கேட்டது, கொடுத்தேன்.
ஃபோல்டர் நாற்பதில் நின்றது.

போன வியாழன் அந்திக்கு
பேரனின் ஸ்கூல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு
பேண்ட் போட்ட ஒரு பெரியவர்.
வேட்டி இல்லாமல் எனக்கு அடையாளம் தெரியவில்லை.
மகள் வீடு முஹர்ரக்கில், மூன்று மாத விசாவாம்.
விசிட்டிங் கார்டு வேண்டும், நூறு.

பெயரை அடித்தேன், காலோடு.
கீழே கர்சர் துடித்தது.
"முன்னாள் போடவாங்க?"
அவர் திரையைப் பார்த்தபடியே இருந்தார்.
பிறகு கேட்டார்:
"அந்த சிட்ராப் பையன், அவன் பேரென்ன?"

எனக்கும் நினைவில்லை.
ஃபோல்டரைத் திறந்தேன். இரண்டாவது கோப்பு.
கேம்ப் சாப்பாட்டு அறையில் மாட்டுவதற்காக
அவர் காசில் அடித்த கண்ணீர் அஞ்சலி.
சூ. அருளப்பன், 26, ஆலத்தூர்.

கண்ணாடியை மாட்டிக் குனிந்தார்.
"ஆலாத்தூர்ப்பா. கால் விட்டுட்ட.
ஆலத்தூர் வேற ஒன்றியம்."

பதினேழு வருஷம் கழித்து, இனி யாரும் அச்சடிக்காத கோப்பில்,
ஒரு துணைக்கால் சேர்த்து
சேமித்தேன்.

கார்டில் பெயரும் போன் நம்பரும் போதும் என்றார்.
எழுத்து என்ன அளவு வைக்க?
"படிக்கிற அளவு."

மெஷின் சூடாக நேரமாகும் என்றேன்.
ஸ்டூலை வாசலுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.
சலூனுக்குப் போன ஒருவனை நிறுத்தி
"எந்த ஊரு நீ?" என்றார்.
அவன் சொன்னான்.
"அதுல எந்த வார்டு?"