பூண்டுத்தாள் அகலம்

லான்ஜோவில் பொழுது
உறிஞ்சிக்கொண்டு விடிகிறது.
ஆறே முக்காலுக்குத் தெரு முழுக்க அந்தச் சத்தம்தான்.
மேசை கிடைக்காதவர்கள் நடைபாதை விளிம்பில் குந்தி
கிண்ணத்துக்குள் முகம் வைத்திருக்கிறார்கள்:
பள்ளிச் சீருடை, காவல் சீருடை,
குளியலறைச் செருப்போடு ஒருத்தி,
நாய்க்கு முதுகு காட்டியபடி ஒருவர்.

தங்கியிருந்த ஓட்டலில் காலை உணவு இலவசம்.
வெண்ணெய்க் கட்டி, தர்பூசணி,
யாரையும் புண்படுத்தாத ரொட்டி.
மூன்று நாள் தின்றேன்.
நான்காம் நாள்
பம்பு சோதனைக்குக் கூட்டிப்போகும் வேன் வருமுன்
நழுவி வந்து வரிசையில் நின்றேன்.

கல்லாவில் சா மெய்ஃபாங்.
அவள் கேட்டது ஒரே கேள்வி.
என் முதுகுக்குப் பின்னால் முப்பது பேரின் பசி.
"நூடுல்ஸ்" என்றேன்.
வரிசை சிரித்தது.
அந்தக் கடையில் வேறெதுவும் கிடையாது.
எவ்வளவு அகலம் என்பதுதான் கேள்வி.

பின்னால் நின்ற பேருந்து ஓட்டுநர்
தன் தலைமயிர் ஒன்றைப் பிடித்துக் காட்டினார்,
அடுத்து பேனா ரீஃபிலை,
அடுத்து, கொஞ்சம் யோசித்து, இடுப்பு வாரை.
நான் என் கைக்கடிகாரப் பட்டையைத் தொட்டேன்.
"ஜியூ யே!" என்று உள்ளே பார்த்துக் கத்தினாள்.
பூண்டுத்தாள் அகலம் என்று பிறகு தெரிந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மா யொங்சிங்.
மா அவன் குடும்பப் பெயர்.
எனக்கோ அது அவன் கையில் இருப்பது.
அடிக்கிறான், மடிக்கிறான், இழுக்கிறான்.
ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி,
நாலு எட்டாகி, எண்ணுவதற்குள் கொப்பரைக்குள்.
வாய்ப்பாட்டுக்கு
வாய் தேவையில்லை போல.

தெளிந்த சாறு, முள்ளங்கி வில்லைகள்,
மேலே சிவக்க மிளகாய் எண்ணெய்.
கொத்தமல்லியை மட்டும் முன்பே தெரியும்.
வெளியே வந்து குந்தினேன்,
அதற்கு எனக்குப் பயிற்சி தேவைப்படவில்லை.
சத்தம் வராமல் தின்ற என்னை ஓட்டுநர் பார்த்தார்,
ஏதோ துக்க வீட்டுக்காரியைப் பார்ப்பதுபோல.
உறிஞ்சினேன்.
மூக்கிலிருந்து ஒன்றும் கண்ணிலிருந்து ஒன்றும் வழிந்தன.
அவருக்குத் திருப்தி.

மாட்டிறைச்சிக்கு அவர்கள் சொல்லும் சொல்லில்
ஒரு ழ உருண்டது.
நமக்கு மட்டும் வாய்த்தது என்று
பள்ளிக்கூடத்தில் மார்தட்டிய எழுத்து,
இங்கே பல்குத்தும் குச்சியோடு
ஓட்டுநரின் கடைவாயில் கிடந்தது.

கிண்ணம் ஒன்பது யுவான், முட்டை இரண்டு.
என் போனில் பணம் போகாது,
என்னிடம் இருப்பதெல்லாம் பத்து யுவான் தாள்கள்.
முட்டை எடுத்த நாள் நான் கடன்காரி,
எடுக்காத நாள் அவள்.
காலண்டர் அட்டையின் பின்னால் கோடு போட்டு வைத்தாள்.
ஏழாம் நாள் அகலம் கேட்கவில்லை,
என் தலை தெரிந்ததுமே கத்தினாள்.
அன்று முழுக்கப் பம்புகளிடம்
கொஞ்சம் மெத்தனமாக நடந்துகொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வேன் வரவில்லை.
மதியம் இரண்டுக்கே கடையை இழுத்து மூடிவிடுவார்கள்.
இரும்புப் பாலத்தடியில்
பால் கூடிப்போன டீ நிறத்தில் மஞ்சள் ஆறு,
கரையில் பிளாஸ்டிக் நாற்காலிகள்,
ஒன்றில் மா யொங்சிங்.
மணிக்கட்டில் வலிப் பட்டை.
மடியில் டப்பா. டப்பாவில்
தக்காளியும் முட்டையும் போட்டுப் பிசைந்த
சோறு.

சிரித்துவிட்டேன்.
நிமிர்ந்தான், அடையாளம் கண்டான்,
டப்பாவை உள்ளங்கையால் மூடி
கடை இருக்கும் திசையைக் கண்ணால் காட்டி
உதட்டில் விரல் வைத்தான்.
பிறகு குச்சி நுனியால்
பக்கத்து நாற்காலியைத் தட்டினான்.
ஒரு மணிநேரம் உட்கார்ந்திருந்தோம்.
பேச்சு என்று ஒன்றும் இல்லை.
படகு போனால் இருவரும் பார்த்தோம்.

திரும்பும் விமானத்தில் கைப்பையைக் கிளறியபோது
ஒரு யுவான் நாணயம்.
கடைசி நாள் முட்டை எடுத்தேனா?
எவ்வளவு யோசித்தும் நினைவில்லை.
அது அவள் தந்த மீதியா
நான் தரவேண்டிய பாக்கியா என்பது
அந்தக் காலண்டர் அட்டைக்குத்தான் தெரியும்.