முப்பத்தொரு கோல்

எட்டு டீம், எழுபது பையன்கள், நாளை சாயங்காலம் ட்ராஃப்ட்.
குலுக்கலில் எங்களுக்கு ஐந்தாம் இடம்.
மர்ஃபி டவுன் முனை, மெட்ரோத் தூணின் அடி,
பிலோமினா வண்டியில் கடைசி ஈடு பஜ்ஜி இறங்கியபோது
பெஸ்காம் பில்லைத் திருப்பிப் போட்டு
பேனாவைத் திறந்தேன்.
எழுதுகிறவன் பேசக்கூடாது, அது இங்கே சட்டம்.
கையெழுத்து நன்றாயிருப்பதற்கு எனக்குக் கிடைத்த தண்டனை.

"ஒன்பதாம் நம்பர்" என்றார் குப்புராஜ்.
ராத்திரியெல்லாம் ஏடிஎம் வாசலில் நிற்கிற மனுஷன்,
கோலியைத்தான் கேட்பார் என்றிருந்தேன்.
"நின்னு நின்னு காத்தது போதும் மச்சா.
போயி அடிக்கிறவன் ஒருத்தன் குடு."
போன சீசனில் நாங்கள் அடித்தது ஒன்பது.
அதில் இரண்டு, எதிராளி தன் வலையில் தானே போட்டுக்கொண்டது.

இம்தியாஸுக்கு ஸ்டாப்பர்தான் வேண்டும்.
காக்ஸ் டவுனில் ஆறடிக்கு ஒருவன் இருக்கிறானாம்,
கார்னர் வந்தால் பந்துக்கு முந்தி
அவன் நெற்றி வந்து நிற்குமாம்.
"முட்டுவான், சரி. திரும்புவானா குரு?
சந்துக்குள்ள பஸ்ஸு யூ டர்ன் அடிக்கிற மாதிரி திரும்புறான்."
இது ஜெபமாலை. அவனுக்கு என்ன வேண்டும் என்று
கடைசிவரை அவன் சொல்லவேயில்லை.
அடுத்தவன் சொன்னதை உடைப்பதுதான் அவன் விளையாடும் இடம்.

பிலோமினா நடுக்களத்தை விட்டு நகரவில்லை.
"முன்னாடி ஒருத்தன், பின்னாடி ஒருத்தன்,
நடுவுல பந்தை யாரு, பஸ் புடிச்சா கொண்டாருவான்?
மாவே கரைக்காம பஜ்ஜி கேக்குறீங்க."
வண்டி அவளுடையது என்பதால்
அவள் பேச்சை யாரும் வெட்டுவதில்லை.

அப்புறம் எல்லோரும் கோலிக்கு வந்தார்கள்.
வராமல் முடியாது. வாங்கியது முப்பத்தொன்று.
"கையி இருக்கு, கண்ணு இல்ல."
"கண்ணும் இருக்கு. தரையில பந்து வந்தா
குனியறதுக்கு வெக்கப்படறான்."
"பெனால்டிக்கு சும்னே வலப்பக்கம் விழறான், தூக்கம் வந்தவன் மாதிரி."

ஆரோன் அங்கேதான் இருந்தான்,
மூன்றடி தள்ளி ஸ்கூட்டரில் பக்கவாட்டில் உட்கார்ந்து
மிளகாய் பஜ்ஜியின் காம்பைக் கிள்ளிக்கொண்டு.
முப்பத்தொன்றையும்
ஒவ்வொன்றாய் வலைக்குள் குனிந்து எடுத்துவந்தவன்.

மேலே ரயில் போனது.
இந்த முனையில் எந்த வாக்கியமும்
ரயிலுக்குப் பாதியில் நின்று வழிவிடும்.
அது போன பிறகு ஆரோன் சொன்னான்:
"பத்தொம்பது லெஃப்ட்லேர்ந்து வந்துச்சு."

யாரும் அவனைப் பார்க்கவில்லை.
பிலோமினாவையும் பார்க்கவில்லை.
எங்கள் லெஃப்ட் பேக் அவள் மகன் ரீகன்.
பந்தோடு மேலே போவான், அழகாகத்தான் போவான்,
வீட்டுக்குத் திரும்புகிற வழி மட்டும் மறந்துவிடும்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது.
இரண்டு மணி நேரமாக மைதானம் முழுக்கச் சுற்றியிருக்கிறோம்,
அந்த ஒரு துண்டுப் புல்லை மட்டும்
ஈர சிமெண்டைத் தாண்டுவதுபோல்
கால் படாமல் தாண்டித் தாண்டி.
கையிலிருந்த தாளில் எல்லா இடமும் இருந்தது.
அது இல்லை.

பிலோமினா ஜல்லிக்கரண்டியைத் தூக்கி
எண்ணெய் வடியும்வரை பிடித்திருந்தாள்.
"எத்தன சொன்ன?"
"பத்தொம்பது அக்கா."
"அதுல மூணு ஆஃப்சைடு. கொடி தூக்கல அவன்."
"சரி, பதினாறு."
கரண்டியில் சொட்டு நின்றது.
"எழுது" என்றாள் என்னிடம். "லெஃப்ட் பேக்.
ரெண்டாவதா எழுது. மொதல்ல நடுக்களம்."
"அதெப்படிக்கா, மொதல்ல ஒன்பது" என்று குப்புராஜ் எழுந்தார்.
"ஒன்பதா? அவனுக்கு முழங்கால் போயி..." ஜெபமாலை தொடங்கினான்.
மறுபடி எல்லாம் முதலிலிருந்து.

ஆரோன் வண்டியை உதைத்தபடி என்னைக் கேட்டான்:
"கோலி எத்தனாவது இருக்கு?"
"இன்னும் எழுதல" என்றேன்.
சட்டத்தை மீறி நான் பேசியது அவ்வளவுதான்.
மூன்றாவது வரியில் இருந்ததை
என் கட்டைவிரல் மூடியிருந்தது.

ஆறு பஜ்ஜிக்குக் காசு நீட்டினான்.
அவள் எண்ணிப் பார்த்து
ஐந்துக்கு மட்டும் எடுத்துக்கொண்டாள்.