நேற்றைய வாசம்

டிக்கெட் கிழிக்கும் ரைமோண்ட்ஸ்
பாலத்தின் இந்தப் பக்கம்.
அந்தப் பக்கம் ஒன்பதாம் நூற்றாண்டு.
நடுவே இருபத்தேழு பலகைகள்,
அதில் ஒன்று ஆடும்.

நான் அந்தப் பக்கத்துக்காரி, காலை பத்து முதல் மாலை ஆறு வரை.
உடம்பில் நார்த்துணி.
இடுப்புப் பையில் கொம்புச் சீப்பு, வெண்கல ஊசி,
சத்தம் அடக்கிய செல்போன்.

ஒரு நாளைக்கு நான்கு முறை சொல்கிறேன்:
இந்த வீடுகளில் யாரும் வாழ்ந்ததில்லை.
தொண்ணூறுகளில் தச்சர்கள் கட்டியவை இவை.
வாழ்ந்த வீடுகள் நமக்குக் கீழே, ஏரிக்குள்.
அந்த மரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை,
ஆயிரம் வருடம் சேறு பார்த்துக்கொண்டது.
மேலே நிற்பதுதான் மக்குகிறது.
போன வருடம்கூட இரண்டு கூரை மாற்றினோம்.

யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்,
கழிவறை எங்கே இருந்தது?
தெரியாது.
இப்போது இருப்பது கார் நிறுத்துமிடத்தில்.

நேற்று கடைசிக் குழுவில் பதினொரு பேர்.
டார்ட்டுவிலிருந்து ஒரு தம்பதி,
கார்ச் சாவியில் தொடங்கிய சண்டை
பேச்சே இல்லாத கட்டத்துக்கு வந்திருந்தது.
மூன்றாம் வீட்டு வாசலில் நிற்கும்போது
மறுகரை காணாமல் போனது.
பிறகு ஏரி.
பிறகு பாலமும்.

உள்ளே ஓடி ஒண்டினோம்.
'தொடாதீர்கள்' பலகை தொங்கிய கயிற்றில்
பதினொரு ஈர ஜாக்கெட்டுகள்.
அடுப்பு மூட்ட எனக்கு அனுமதி உண்டு, வெயில் நாட்களில்.
மூட்டினேன்.
புகை எல்லோர் கண்ணையும் சமமாகக் கரித்தது.

கூரை ஒழுகியது (மாற்றாத கூரை).
ஒருநாளும் உலையேறாத கண்காட்சிப் பானையை
யாரோ எடுத்துச் சொட்டுக்கு நேரே வைத்தார்கள்.
இங்கூனா என்று கூப்பிட்டார்கள் ஒரு பெண்ணை,
அவள் ஆட்டுத்தோல் படுக்கையில் கால் நீட்டி அமர்ந்து
குழந்தைக்குப் பால் கொடுத்தாள்.
கம்பு ரொட்டி கைமாறியது. ஒரு டப்பா புகைமீன்.
எண்ணெய் தரையில் கொட்டியது.
'கொஞ்சம் தள்ளி உட்கார்' என்றாள் டார்ட்டுக்காரி.
அவன் தள்ளி உட்கார்ந்தான்.

ஒருவரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.
கதவோரம் யார் படுத்திருப்பார்கள் என்று
தங்களுக்குள்ளேயே வாதாடினார்கள்,
இரவு தங்கப்போகிறவர்கள் மாதிரி.

ஆறேகாலுக்கு இடுப்பு அதிர்ந்தது.
எத்தனை பேர் உள்ளே என்றான் ரைமோண்ட்ஸ்.
எண்ணினேன். பதிமூன்று என்றேன்.
டிக்கெட் பதினொன்றுதானே என்றான்.
குழந்தைக்கு டிக்கெட் கிடையாது.
இன்னொன்று யார் என்று நான் சொல்லவில்லை.

இன்று காலை மணல் போட்டுத் தேய்த்தேன்.
கறை போனது, வாசம் போகவில்லை.
பானையில் நீர்க்கோடு விழுந்திருந்தது,
அந்தப் பக்கத்தைச் சுவர் பார்க்கத் திருப்பிவைத்தேன்.

முதல் குழுவில் குறிப்பேட்டுடன் வந்த மனிதர்
மூக்கைச் சுளித்தார், பிறகு மறுபடி முகர்ந்தார்.
புகை, மீன், ஈரக் கம்பளி.
'எந்தக் காலத்து வாசம் இது?'

நேற்றையது என்றேன்.
குறித்துக்கொண்டார்.